புது நெட் கனெக்‌ஷன் எடுத்தப்போ உங்களுக்கு என்ன நடந்துச்சு?

மாடிப்படி:
கனெக்‌ஷன் போட வந்த தம்பி ரவுட்டர் பக்கத்துல நின்னு தன் போன்லயே ஸ்பீட் டெஸ்ட் போட்டார். முள் சர்ருனு ஏறி 98 எம்பிபிஎஸ்-ல நின்னுச்சு. "பாத்துக்கோங்க சார்"னு போனைத் திருப்பிக் காட்டினப்போ அவர் முகத்துல இருந்த பெருமிதம் இன்னும் கண்ணுலயே நிக்குது. அன்னிக்கு ராத்திரி வீடியோ வட்டம் போட்டுச் சுத்துது. லேப்டாப்பைக் கேபிள்ல மாட்டி டெஸ்ட் போட்டா, அப்பவும் 98! அப்புறம்தான் கவனிச்சேன், டெஸ்ட் தானாப் பிடிச்ச சர்வர் அந்தக் கம்பெனி நெட்வொர்க்குக்கு உள்ளேயே இருக்கு. வெளி சர்வர் ஒண்ணைத் தேர்ந்தெடுத்துப் போட்டேன், 14. கஸ்டமர் கேர்ல கேட்டா "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார்". அவங்க பக்கம் சரியாத்தான் இருக்கு, அதானே பிரச்சினை!

வடக்கு ஜன்னல்:
எனக்கு டவுன்லோடுல குறையே இல்ல. வீடியோ இன்டர்வியூ. நான் மூச்சு விடாம பேசி முடிக்கிறேன், எதிர்ல இருந்த மூணு பேர் முகத்துலயும் ஒரு அசைவும் இல்ல. கடைசியா ஒருத்தர், "நீங்க எப்போ ஆரம்பிக்கப் போறீங்க?"ன்னார். அந்த நேரம் பார்த்து வீட்ல ஒரு போன் போட்டோ எல்லாத்தையும் பேக்கப் ஏத்திட்டு இருந்திருக்கு. விளம்பரத்துல 100-னு பெரிசா இருந்துச்சு. அப்லோடு 10-தான்ங்கிறது உள்ளே எங்கேயோ பொடி எழுத்துல. வேலை கிடைக்கல. நெட்டாலதான்னு சத்தியம் பண்ண மாட்டேன்.

கம்பிவடம்:
என் கதை சின்னது. புது கனெக்‌ஷனுக்கு மாறின அன்னிக்கே, வெளியூர்ல இருந்து வீட்டு கேமராவைப் பார்க்க முடியாமப் போச்சு. காரணம் சிஜிநாட். அதாவது பொது ஐபி (நெட்ல நம்ம முகவரி) ஒண்ணைப் பல வீட்டுக்குப் பங்கு போட்டுக் குடுத்திருக்காங்க, வெளியில இருந்து நேரா நம்ம வீட்டுக்கு வர முடியாது.
@மாடிப்படி, சர்வரைக் குறை சொல்றதுக்கு முன்னாடி வைஃபையைப் பாருங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனா பக்கத்து வீட்டு ரவுட்டரெல்லாம் அதே சேனல்ல கத்திட்டிருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ரெண்டு சுவர் தாண்டினா சோர்ந்துடும். அப்புறம் 100 எம்பிபிஎஸ்-ங்கிறது பிட் கணக்கு. 8 பிட் ஒரு பைட், அதனால 8-ஆல வகுத்தா நொடிக்கு 12.5 எம்பி (மெகாபைட்), அதுக்கு மேல ஃபைல் இறங்காது. ஜிபான் ஃபைபர்னா (ஒரே ஃபைபரைப் பல வீடு பகிர்ற முறை) ஏறக்குறைய 2.5 ஜிபிபிஎஸ்ஸை ஸ்ப்ளிட்டர்ங்கிற பிரிப்பான் வழியா 32 இல்ல 64 வீட்டுக்குப் பிரிச்சிருப்பாங்க. அதனால பிளானைப் பார்க்காதீங்க, அதே தெருவுல ராத்திரி 9 மணிக்கு எப்படி வருதுன்னு அக்கம்பக்கத்துல கேளுங்க. எடுத்த எடுப்பிலேயே ஒரு வருஷப் பணம் கட்டாதீங்க. எஃப்யூபி அளவு (முழு வேகத்துல தர்ற டேட்டா வரம்பு) தாண்டினா வேகம் எவ்வளவுக்கு இறங்கும்னு எழுத்துல வாங்குங்க. ரவுட்டர் நமக்குச் சொந்தமா, திருப்பித் தரணுமான்னும்...

மாடிப்படி:
@கம்பிவடம் அண்ணே, கேபிள்ல மாட்டித்தான் டெஸ்ட் போட்டேன்னு எழுதியிருக்கேன். வைஃபை எங்கே வந்துச்சு?

சும்மா வந்தேன்:
எங்க வீட்டு ஃபைபர் பெட்டியில எல்ஓஎஸ் விளக்கு (சிக்னல் வரலைன்னு காட்டுறது) அடிக்கடி சிவப்பா மின்னும். வந்தவங்க எல்லாரும் ரீஸ்டார்ட் பண்ணிட்டுப் போயிடுவாங்க. ஒரு பெரியவர் மட்டும் பேனா மாதிரி லேசர் ஒண்ணைக் கம்பியில செருகிட்டு, "லைட்டை அணைங்கம்மா"ன்னார். முதல்ல கனெக்‌ஷன் குடுத்தவர் ஃபைபரை ஆணியில இறுக்கிச் சுத்தியிருந்த இடத்துல மட்டும் செக்கச்செவேல்னு வெளிச்சம் கசியுது! அவர் ஒரு வார்த்தை திட்டல. கம்பியை வெட்டி, அகலமா வளைச்சு, புது கனெக்டர் போட்டுட்டுப் போயிட்டார். கம்பெனியை மாத்தணும்னு இருந்தேன், மாத்தல.

வடக்கு ஜன்னல்:
@கம்பிவடம் சிஜிநாட் இருந்தாலும் கம்பெனி ஆப் வழியா ஓடுற கேமரா வேலை செய்யுமே? எங்க வீட்ல ஓடுது.

கம்பிவடம்:
ஆப் வழியா ஓடும், அவங்க சர்வர் நடுவுல நிக்கும். நான் சொன்னது நேரா வீட்டுக்குள்ள நுழையறது. அதுக்கு ஸ்டாட்டிக் ஐபி (நமக்குன்னு மாறாத தனி முகவரி) கேளுங்க, இல்லேன்னா ஐபிவி6 (பங்கு போடாம தர்ற புது வகை முகவரி) இருக்கான்னு கேளுங்க. போன்ல எடுக்கிறவருக்குத் தெரியாது, டெக்னிக்கல் ஆளைக் குடுங்கன்னு சொல்லுங்க.
@மாடிப்படி தம்பி, அந்தக் கேபிள் எந்த ரகம்?