தலைப்பில் மட்டும் எழுத்துரு மாறுகிறது, காரணம் பிடிபடவில்லை

நூலகத் தளம் ஒன்றில் பத்திகள் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் சரியாக வருகின்றன. எச்2 தலைப்புகள் மட்டும் விண்டோஸோடு வரும் நிர்மலா யூஐ-க்குத் தாவிவிடுகின்றன. விண்டோஸ் 11, குரோம். போன வாரம் 700 தடிமனுக்கு (போல்ட்) நோட்டோவின் தனிக் கோப்பு சேர்த்ததிலிருந்து இப்படி.

இன்ஸ்பெக்ட் போய்ப் பார்த்தேன். ஸ்டைல்ஸில் ஃபான்ட்-ஃபேமிலி வரி குறுக்குக்கோட்டால் அடிபடவில்லை, கம்ப்யூட்டடிலும் நோட்டோதான். ஆனால் அதே பலகத்தின் அடியில் 'ரெண்டர்டு ஃபான்ட்ஸ்' இரண்டு பெயர் காட்டுகிறது: "நூல் வரவு 2025" என்ற தலைப்பில் எண்கள் நோட்டோவிலும் தமிழ் முழுக்க நிர்மலாவிலும் வருகின்றன. பக்கத்துப் பத்தியோடு ஒட்டாமல் கண்ணை உறுத்துகிறது. நெட்வொர்க்கில் கோப்பு 200 என்று (அதாவது சரியாக) இறங்குகிறது, கன்சோலில் பிழை இல்லை. கேஷை முடக்கியும், அப்புறம் இன்காக்னிட்டோவிலும் அதேதான்.

கோப்பிலேயே தமிழ் எழுத்துகள் இல்லையா, எந்த எழுத்துகளுக்கு அந்தக் கோப்பு என்று சொல்லும் சிஎஸ்எஸ்ஸின் யூனிகோட்-ரேஞ்ச் வரி தடுக்கிறதா என்பதை எப்படிப் பிரித்தறிவது?