டாலஸ், டாரன்ட்: கோணல் நகர எல்லைக்கும் ஓட்டுக்கும் சம்பந்தம் உண்டா?

வரைபடப்பித்தன்:
நேற்று ராத்திரி டெக்சாஸ் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாலஸ் கவுண்டியும் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பக்கத்தில் டாரன்ட் கவுண்டியும் கட்டம் போட்டு வெட்டிய மாதிரி, ஆளுக்குச் சுமார் 900 சதுர மைல். ஆனால் உள்ளே இருக்கும் நகரங்கள் எலி கடித்த துணிதான். டாலஸ் நகரத்தின் வயிற்றுக்குள் ஹைலேண்ட் பார்க், யூனிவர்சிட்டி பார்க் என்று இரண்டு தனி ஊர். டாரன்டின் பெரிய நகரமான ஃபோர்ட் வொர்த்தோ டாரன்டைத் தாண்டி டென்டன் கவுண்டி வரை வால் நீட்டியிருக்கிறது. 2020 ஜனாதிபதித் தேர்தலில் பைடனுக்கு டாலஸ் கவுண்டியில் 65 சதவீதம், டாரன்டில் ஜெயித்ததோ வெறும் 1,826 ஓட்டு வித்தியாசத்தில். இந்தக் கோணல்தான் காரணமா?

கோடுகிழிப்பவர்:
இல்லை. ஹைலேண்ட் பார்க் தனி ஊராக இருந்தாலும் அதன் ஓட்டு டாலஸ் கவுண்டிக் கணக்கில்தான் விழும். நீங்கள் எலி கடித்ததைப் பார்க்கிறீர்கள், விஷயம் கவுண்டியின் அந்த நேர்க்கோட்டில் இருக்கிறது. டாலஸுக்கு வடக்கே புறநகர் வளர்ந்தபோது பிளேனோ, மெக்கினி, ஃபிரிஸ்கோவின் பெரும்பகுதி எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம், காலின் கவுண்டியில் போய் உட்கார்ந்தன. 2020இல் காலின் டிரம்ப் பக்கம். ஃபோர்ட் வொர்த்துக்கு அதே மாதிரி ஊர்களான கெல்லர், காலிவில், சவுத்லேக்கின் பெரும்பகுதி எல்லாம் டாரன்டுக்குள்ளேயே. ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாயும் நகரத்து ஓட்டும் டிரம்ப் பக்கம் சாயும் புறநகர் ஓட்டும் ஒரே பானையில் வேகும்போது முடிவு அப்படி இழுபறியாகத்தான் வரும்.

பழைய ஆள்:
கோணலுக்கும் கதை உண்டு. 1945இல் டாலஸோடு சேரச் சொன்னபோது யூனிவர்சிட்டி பார்க் மக்கள் ஓட்டுப் போட்டு மறுத்துவிட்டார்கள், டாலஸ் அவர்களைச் சுற்றி வளர்ந்துகொண்டே போனது. 2019இல் வந்த டெக்சாஸ் சட்டத்துக்கு அப்புறம் குடியிருப்பவர்கள் சம்மதமில்லாமல் இப்படி இணைப்பது அநேகமாக நடக்காது. நகர எல்லை கடிப்பது உள்ளூர்த் தேர்தலில்தான், ஹைலேண்ட் பார்க்காரர் டாலஸ் மேயருக்கு ஓட்டுப் போட முடியாது. இன்னொரு வேடிக்கை, ராக்வால் கவுண்டிப் பக்கம் டாலஸ் எல்லை பெரிதாகத் தெரிகிறதே, அதில் முக்கால்வாசி ரே ஹப்பர்ட் ஏரித் தண்ணீர். மீன்களுக்கு ஓட்டு கிடையாது.

வரைபடப்பித்தன்:
சரி, புரிகிறது. ஆனால் 1964இல் ஜெயித்த லிண்டன் ஜான்சனுக்குப் பிறகு 2020 வரை டாரன்டில் எந்த ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி வேட்பாளரும் ஜெயிக்கவில்லையே, 2024இல் மறுபடி டிரம்புக்குத் திரும்பிவிட்டது. கோடு அதே கோடுதானே?

கோடுகிழிப்பவர்:
கோடு நகரவில்லை, ஆட்கள் நகர்ந்தார்கள், அவர்களில் சிலர் மனசும் மாறியது. கவுண்டி மொத்தத்தை விட்டுவிட்டு வாக்குச்சாவடி வாரியாக டாரன்டில் இருக்கும் ஆர்லிங்டன் நகரத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள், அதன் நடுவிலும் பான்டெகோ என்று ஒரு தனி ஊர் பொத்தலாக இருக்கிறது.