புதுப்பிப்பு: பென்னாகரம் பக்கம் ஃபைபர் நெட் அடிக்கடி துண்டித்தது, சரியாகிவிட்டது

எங்கள் தெருவுக்கு இருப்பது ஒரே ஃபைபர் இணைப்பு, ஆடிக் காற்று அடித்தால் போதும், நெட் போய்விடுகிறது, புகார் செய்தால் "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பதோடு சரி என்று புலம்பியிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

கைகொடுத்தது, ஆர்எக்ஸ் பவரை, அதாவது ஃபைபர் வழியாக மோடத்துக்கு வந்து சேரும் ஒளியின் அளவைப் பார்க்கச் சொன்ன யோசனைதான். பிரவுசரில் 192.168.1.1 போட்டு மோடத்தின் பக்கத்தைத் திறந்தால் -29 டிபிஎம் (அந்த ஒளியை அளக்கும் அலகு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு என்று அர்த்தம்). -27-க்குக் கீழே போனால் இணைப்பு தள்ளாடும். அந்தத் திரையைப் படமெடுத்துப் புகார் எண்ணோடு அனுப்பினேன். அப்புறம் மறுபேச்சில்லை, லைன்மேன் வந்துவிட்டார். எதிர்வீட்டுப் புளியமரக் கிளையில் இழுத்துக் கட்டிய இடத்தில் ஒயர் மடங்கிக் கிடந்தது. அந்தத் துண்டை வெட்டிவிட்டு மறுபடி ஒட்டினார். இப்போது -21. துண்டிப்பு நின்றுவிட்டது.

கம்பெனியை மாற்றச் சொன்னவர்களுக்கு ஒன்று. இன்னொரு கம்பெனியிலும் விசாரித்தேன். இங்கே அவர்களுக்கும் லைன் கொடுப்பது அதே கேபிள்காரர், வருவது அதே ஒயர்! பில்லில் பெயர் மட்டும்தான் மாறியிருக்கும்.

இரவு எட்டு மணிக்கு மேல் வேகம் குறைவது அப்படியேதான் இருக்கிறது. அதற்கு யாரிடமாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.