டீயில் சர்க்கரையைக் குறைத்தால் எடை இறங்குமா?

திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வயது 43, எடை 78 கிலோ. நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஜிம்முக்கு நேரமில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்:
அக்கா, டீயிலிருந்தே தொடங்குங்கள். ஒரு ஸ்பூன் ஏறக்குறைய 4 கிராம். பத்து ஸ்பூன் என்றால் 40 கிராம், அதாவது 160 கலோரி. நான் ஒரேயடியாக விடவில்லை, வாரம் அரை ஸ்பூனாகக் குறைத்தேன். முதல் பத்து நாள் டீ குடித்த மாதிரியே இல்லை. அப்புறம் நாக்கு பழகிவிட்டது. டீயோடு வரும் பஜ்ஜியை விடத்தான் அதிகக் கஷ்டப்பட்டேன்.

பதில்:
எண்ணெயையும் அளந்து ஊற்றுங்கள். சர்க்கரை கிராமுக்கு 4 கலோரி, எண்ணெய் 9. நான் தாளிக்கக் கரண்டியை விட்டுவிட்டு ஸ்பூன் வைத்திருக்கிறேன்.

பதில்:
காரணமில்லாமல் எடை ஏறியிருந்தால் தைராய்டு பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

கேட்டவர்:
சரி, நாளைக் காலை டீயில் ஒன்றரை ஸ்பூன்தான். நான்கு மணி பஜ்ஜிக்குப் பதில் சுண்டல் கட்டிக்கொண்டு போகிறேன். தைராய்டும் பார்த்துவிடுகிறேன். ஒரு மாதம் கழித்து எடையைச் சொல்கிறேன்.