உள்ளங்கைக்குத் தளர்வு, முஷ்டிக்கு இறுக்கம்: இந்த விரிசலில் எப்படி ஏறுவது?

போல்டரிங்கில் (கயிறின்றிச் சிறு பாறைகளில் ஏறுவது) பழகியவன், சில மாதங்களாகக் கிராக் கிளைம்பிங், அதாவது பாறை விரிசலில் கைகால்களைச் செருகி ஏறுவது, பயில்கிறேன். கருங்கல் பாறையில் செங்குத்தான விரிசல், அகலம் சுமார் 7 செ.மீ. ஹேண்ட் ஜாம் (கையை விரிசலுக்குள் செருகி இறுக்குவது) போட்டால் தளர்கிறது. முஷ்டியோ நுழையவே மறுக்கிறது. கால் கவலையில்லை: பாதத்தைப் பக்கவாட்டில் செருகி முறுக்கினால் ஆணி அடித்ததுபோல் நிற்கிறது. எடை ஏறியதும் கைதான் புறங்கைத் தோலை உரித்துக்கொண்டு மெல்ல வழுக்கி வெளியே வருகிறது.

கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி அழுத்திப் பார்த்தேன். டேப் சுற்றினேன், தோல் பிழைத்தது, பிடி கிடைக்கவில்லை. விளிம்பைப் பற்றி லேபேக் செய்தால், அதாவது கையால் இழுத்துக் காலால் எதிர்ப்பக்கம் உதைத்தால், ஏறிவிடலாம், ஆனால் பாதியிலேயே முன்கை விறைத்துவிடுகிறது. டாப் ரோப் (மேலிருந்து தாங்கும் கயிறு) என்பதால் சமாளிக்கிறேன். லீட் ஏறும்போது, அதாவது கயிற்றைக் கீழிருந்து நானே கொண்டு ஏறும்போது, கேம் (விரிசலில் செருகிக் கயிற்றை மாட்டும் பாதுகாப்புக் கருவி) வைக்க எந்தக் கையை விடுவது?

இந்த அகலத்தில் கையைக் குவித்து அழுத்துவதா, மேல் கையைக் கட்டைவிரல் கீழ்நோக்கத் திருப்பிச் செருகுவதா, எது நிற்கும்?