புதுப்பிப்பு: ஜோகூரில் நிற்கும் சத்ரியா

பழைய புரோட்டான் சத்ரியா (மலேசியக் கார்) ஒன்றை, சிங்கப்பூரை ஒட்டிய மலேசிய நகரமான ஜோகூர் பாருவில் வைத்துக் குறைந்த செலவில் ரேலி பந்தயத்துக்குத் தயார் செய்வதாக முன்பு எழுதியிருந்தேன். 'முதலில் டர்போ போடு' என்று பலர் சொன்னீர்கள். இஞ்சினை இன்னும் தொடவில்லை.

பணத்தில் பெரும்பகுதி பாதுகாப்புக் கூண்டுக்கே போனது; கார் உருண்டாலும் உள்ளே இருப்பவரைக் காக்கும் குழாய்ச் சட்டம் அது. எஃப்ஐஏ (உலகக் கார் பந்தய அமைப்பு) விதிப்படி, முன் இருக்கைகளுக்குப் பின்னால் நிற்கும் முக்கிய வளைவுக்கு இணைப்பு இல்லாத எஃகுக் குழாய்தான் வேண்டும்: 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. தடிமன், அல்லது 50 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன். பட்டறையில் முதலில் காட்டியது நீளவாக்கில் பற்றவைத்த மலிவுக் குழாய். வேண்டாம் அண்ணே என்று சொல்லிவிட்டேன். பழைய ரேஸ் இருக்கை வாங்குபவர்கள் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். எஃப்ஐஏவின் 8855-1999 தர இருக்கைக்கு ஆயுள் ஐந்தே ஆண்டு.

அப்புறம் ஷாக் அப்சார்பர், காரின் அடிப்பாகத்தைக் கல்லிலிருந்து காக்கும் அடித்தகடு. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் சக்கரம் தரையை விட்டு எழும்பினால் குதிரைத்திறன் எதற்கு? முன்சக்கர இயக்கம் என்பதால் திருப்பத்தில் உள்பக்க முன்சக்கரம் பிடிப்பில்லாமல் சும்மா சுழல்கிறது. அடுத்த செலவு, அந்தச் சுழற்சியைக் கட்டுப்படுத்தி மற்றச் சக்கரத்துக்கும் விசையை அனுப்பும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்.

காரைச் சிங்கப்பூரிலேயே பதியலாமே என்று கேட்ட தம்பிக்கு: அங்கே கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழான சிஓஇயின் விலை பார்த்தீர்களா? அந்தக் காசுக்கு வரிசையாகச் சத்ரியா வாங்கி நிறுத்தலாம்.