செந்தோசா யுனிவர்சல் ஸ்டுடியோஸ்: அரையாண்டு விடுமுறையா, பொங்கலா, மே மாதமா? கூட்டம் எப்போது குறைவாக இருக்கும்?

நங்கநல்லூர் மீனா

அனைவருக்கும் வணக்கம். குடும்பத்துடன் சிங்கப்பூர் சென்றுவர எண்ணியிருக்கிறோம். நானும் என் கணவரும், எட்டாம் வகுப்பில் படிக்கும் மகன், மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகள், 68 வயதான என் மாமியார் என ஐந்து பேர். அங்குள்ள செந்தோசா தீவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் என்ற கேளிக்கைப் பூங்காவுக்கு ஒரு முழு நாளை ஒதுக்க நினைக்கிறோம். பிள்ளைகளின் பள்ளி நாட்காட்டியைப் பார்த்தால், டிசம்பர் கடைசியில் வரும் அரையாண்டு விடுமுறை, பொங்கல் விடுமுறை, மே மாதக் கோடை விடுமுறை ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

டிக்கெட்டுக்குச் செலவழித்துவிட்டு நாளின் பெரும்பகுதியை வரிசையிலேயே கழித்துவிடுவோமோ என்பதுதான் என் கவலை. இந்த மூன்று காலங்களில் எப்போது கூட்டம் குறைவாக இருக்கும், தனி வரிசையில் விரைவாக ஏற உதவும் எக்ஸ்பிரஸ் பாஸைக் கூடுதல் பணம் கொடுத்து வாங்குவது அவசியமா, மாமியாரை அழைத்துச் செல்வது அவருக்குத் துன்பமாகிவிடுமா என்பதை, சென்றுவந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். மகளின் உயரம் 118 செ.மீ. என்பதையும் குறிப்பிட்டுவிடுகிறேன்.

குரோம்பேட்டை ராகவன்

வணக்கம் அம்மா. சிங்கப்பூரில் பணிபுரிந்த காலத்தில், ஊரிலிருந்து வந்த உறவினர்களை அங்கே அழைத்துச் சென்ற பழக்கம் எனக்கு உண்டு. நமக்கு எப்போது விடுமுறை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த ஊர்ப் பள்ளிகளுக்கு எப்போது விடுமுறை என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே மார்ச்சில் ஒரு வாரம், மே இறுதியிலிருந்து ஜூன் பிற்பகுதி வரை ஏறத்தாழ நான்கு வாரம், செப்டம்பரில் ஒரு வாரம், நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஆண்டு முடியும் வரை ஆறு வாரம் எனப் பள்ளிகள் மூடியிருக்கும். இந்தக் காலங்களில் உள்ளூர்க் குடும்பங்கள் வேலை நாளிலும் வந்துவிடுவதால், செவ்வாய்க்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் பெரிய வேறுபாடு இருக்காது.

ஆகவே நீங்கள் சொன்ன மூன்றில் முதலில் விலக்க வேண்டியது அரையாண்டு விடுமுறை. அங்கே பள்ளி விடுமுறையும், கிறிஸ்துமஸும், புத்தாண்டும், உலகெங்கிலுமிருந்து வரும் சுற்றுலாக் கூட்டமும் அந்தப் பத்து நாட்களில் ஒன்றாகச் சேர்கின்றன. தீபாவளிக்கு முந்தைய ரங்கநாதன் தெருவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் நமக்கு மிகவும் வாய்ப்பான காலம் என்பது என் உறுதியான கருத்து. சிங்கப்பூரில் புதிய கல்வியாண்டு ஜனவரி தொடக்கத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஆண்டு இறுதிக் கூட்டமும் வடிந்திருக்கும். அடுத்த பெருங்கூட்டம் சீனப் புத்தாண்டுக்குத்தான் வரும். அது எந்த ஆண்டிலும் ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில்தான் அமையும் என்பதால், ஜனவரி நடுவில் வரும் நம் பொங்கலோடு ஒருபோதும் மோதாது. ஆஸ்திரேலியப் பள்ளிகளுக்கு அப்போது கோடை விடுமுறை என்பதால் அங்கிருந்து வரும் குடும்பங்களைக் காணலாம். ஆனால் அவர்களால் மட்டுமே பூங்கா நிரம்பிவிடுவதில்லை. பொங்கல் விடுமுறைக்குள் சனி, ஞாயிறு அமைந்தால், அந்த நாட்களை ஊர் சுற்றிப் பார்க்க வைத்துக்கொண்டு, வேலை நாளில் பூங்காவுக்குச் செல்லுங்கள்.

மே மாதம் இரண்டாவது வாய்ப்பு. மே 1 அங்கேயும் பொது விடுமுறை. அதையொட்டிய நாட்களில் சீனாவிலும் விடுமுறை என்பதால் முதல் வாரத்தைத் தவிர்க்க வேண்டும். மாதத்தின் கடைசி நாட்களில் அங்கே பள்ளி விடுமுறை தொடங்கிவிடும். இடைப்பட்ட இரண்டு வாரங்களில் உள்ளூர்ப் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். ஆனால் நம்மைப் போலவே இந்தியாவின் பல ஊர்களிலிருந்தும் குடும்பங்கள் வந்திருக்கும். அங்கே பொது விடுமுறையான, புத்தரைப் போற்றும் விசாக தினம் எந்த நாளில் வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே பொது விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் அடுத்த திங்கட்கிழமையும் விடுமுறையாகிவிடும். இது தெரியாமல் திங்கட்கிழமைக்கு டிக்கெட் எடுத்துவிடுபவர்கள் நம்மவர்களில் அதிகம்.

அம்பத்தூர் சுந்தர்

ராகவன் ஐயா காலத்தைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். தொழிற்சாலையில் உற்பத்தி வரிசைகளைத் திட்டமிடும் வேலையில் இருப்பவன் என்பதால், எக்ஸ்பிரஸ் பாஸ் பற்றிய கேள்விக்கு நான் விடை சொல்ல முயல்கிறேன்.

வரிசை எவ்வளவு நீளமாகத் தெரிகிறது என்பதை வைத்துக் காத்திருப்பு நேரத்தைக் கணிக்க முடியாது. அந்த ரைடு ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றி இறக்குகிறது என்பதுதான் முக்கியம். எடுத்துக்காட்டாக, ஒரு வண்டியில் 12 பேர் அமரலாம், 36 வினாடிக்கு ஒரு வண்டி புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 வண்டிகள், 1,200 பேர். உங்களுக்கு முன்னால் 900 பேர் நின்றாலும் 45 நிமிடத்தில் ஏறிவிடலாம். இனி, இருக்கைகளில் மூன்றில் ஒரு பங்கை எக்ஸ்பிரஸ் வரிசைக்கு ஒதுக்கிவிட்டால், பொது வரிசைக்கு மணிக்கு 800 இடங்களே மிஞ்சும். அதே 900 பேருக்குப் பின்னால் நிற்பவர் 67 நிமிடத்துக்கும் மேலாகக் காத்திருக்க வேண்டும். கூட்டம் மிகுந்த நாளில் அந்தப் பாஸை வாங்குபவர்களும் மிகுதி. எனவே வாங்காதவர்களின் வரிசை இரு காரணங்களால் நீள்கிறது.

இந்தக் கணக்கின்படி, டிசம்பர் கடைசியில் செல்வதாக இருந்தால் எக்ஸ்பிரஸ் பாஸ் ஏறக்குறையக் கட்டாயம். பொங்கலை ஒட்டிய வேலை நாளில் அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன். அதன் விலை நாளுக்கு நாள் மாறும். ஐந்து பேருக்கும் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. மாமியாரும் மகளும் பல ரைடுகளில் ஏறப்போவதில்லை அல்லவா?

இதே காரணத்தால், காலையில் முதலில் எங்கே செல்வது என்பதையும் சிந்தித்து முடிவு செய்ய வேண்டும். கேனபி ஃபிளையர் என்ற தொங்கு ரைடில் ஒரு வண்டிக்கு நான்கு பேர்தான் ஏற முடியும். வரிசை சிறிதாகவே தெரியும். ஆனால் நகரவே நகராது. அதை வாயில் திறந்த சிறிது நேரத்திற்குள் முடிக்காவிட்டால், பிறகு நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும். ஆட்களை விரைவாக ஏற்றும் ரைடுகளை நண்பகலுக்குத் தள்ளிவைத்தாலும் பெரிய இழப்பு இல்லை. பூங்கா ஒரு குளத்தைச் சுற்றி அமைந்திருப்பதால், உள்ளே நுழையும் கூட்டம் முதலில் கண்ணில் படுவதிலேயே தேங்கும். 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட மினியன் லேண்ட் என்ற பகுதி, பூங்காவின் நுழைவாயிலுக்கு அருகிலேயே இருப்பதால் அங்கே காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். நீங்கள் நிற்காமல் உள்ளே நடந்து சென்றுவிடுங்கள்.

பூங்காவின் செயலியில் ஒவ்வொரு ரைடுக்கும் காத்திருப்பு நேரம் காட்டப்படும். அது இந்த நிமிடத்தில் வரிசையில் சேர்பவருக்கான மதிப்பீடு மட்டுமே. பூங்காவின் மறுகோடியிலிருந்து நடந்து சேர்வதற்குள் அது மாறிவிடக்கூடும். பத்து நிமிட வேறுபாட்டுக்காக முதியவரை அலைக்கழிக்க வேண்டாம்.

அடையாறு கல்யாணி

மீனா, மாமியாரை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். நானும் என் பெற்றோரை அழைத்துச் சென்றேன். அவர்கள் மகிழ்ச்சியாகவே இருந்தார்கள். ஆனால் அவர்களுடைய நாளைத் தனியாகத் திட்டமிட வேண்டும். வாட்டர் வேர்ல்டு நிகழ்ச்சிக்குக் குறிப்பிட்ட நேரங்கள் உண்டு. பெரிய அரங்கம் என்பதால் சற்று முன்னதாகச் சென்றால் இடம் கிடைத்துவிடும், அமர்ந்தபடியே பார்க்கலாம். முன்வரிசைகளில் தண்ணீர் தெறிக்கும் என்பதால் அவரைப் பின்னால் அமர வையுங்கள். நியூயார்க் பகுதியில் உள்ள செசமி ஸ்ட்ரீட் ரைடு மெதுவாகச் செல்லக்கூடியது. அவரும் மகளும் அச்சமின்றி ஏறலாம்.

மகள் 118 செ.மீ. என்றீர்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுக்கு 102 செ.மீ. போதும், ஆகவே அதில் ஏறலாம். மம்மி ரைடுக்கு 122, பேட்டில்ஸ்டார் கேலக்டிகா ரோலர் கோஸ்டர்களுக்கு 125 செ.மீ. வேண்டும் என்பதால் அவற்றில் விடமாட்டார்கள். அளவுகோலை வைத்துப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். கெஞ்சுவதில் பயனில்லை, அது பிள்ளையின் பாதுகாப்புக்கானது. நெடுநேரம் நின்ற பிறகு வாயிலில் திருப்பி அனுப்பப்பட்டால் குழந்தையின் மனம் மிகவும் வாடிவிடும் என்பதால், வீட்டிலேயே எது எது என்று சொல்லித் தயார்ப்படுத்திவிடுங்கள். மாமியாரும் மகளும் தங்களுக்கு ஏற்றவற்றில் இருக்கும் நேரத்தில் மகனும் அவனுடைய அப்பாவும் பெரிய ரைடுகளுக்குச் செல்லட்டும். தனியாகப் பிரிந்து அமரச் சம்மதிப்பவர்களுக்கென்று டிரான்ஸ்ஃபார்மர்ஸ் போன்ற சில ரைடுகளில் தனி வரிசை உண்டு. காலியாக மிஞ்சும் ஒற்றை இருக்கைகளை அதிலிருந்து நிரப்புவதால் பெரும்பாலும் விரைவாக நகரும். பதின்மூன்று வயதுப் பையனுக்கு அது ஏற்றது.

நங்கநல்லூர் மீனா

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பொங்கல் விடுமுறை என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டோம். இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. ஜனவரியில் அங்கே மழைக்காலம் என்கிறார்களே, மழை பெய்தால் ரைடுகளை நிறுத்திவிடுவார்களா? சென்னையிலிருந்து இரவு விமானத்தில் சென்று இறங்கிய அன்றே பூங்காவுக்குச் செல்லலாம் என்கிறார் என் கணவர். அது சரியாக வருமா?

குரோம்பேட்டை ராகவன்

சென்னையைப் போலவே அங்கும் வடகிழக்குப் பருவமழைதான் அம்மா. டிசம்பரிலும் ஜனவரியிலும் நாள் முழுவதும் விட்டுவிட்டுப் பெய்வது உண்டு. ஆனால் ரைடுகளை நிறுத்துவதற்குப் பெரும்பாலும் இடிமின்னல்தான் காரணம். மின்னல் அபாயம் இருந்தால் திறந்தவெளி ரோலர் கோஸ்டர்களை உடனே நிறுத்திவிடுவார்கள். அந்த ஊரில் இடிமின்னல் மிகுதியாக இருப்பது ஏப்ரல், மே, நவம்பர் மாதங்களின் பிற்பகல்களில்தான். அந்த வகையிலும் மே மாதத்தைவிட ஜனவரி மேல். திறந்தவெளி ரைடுகள் நின்றால் அங்கிருந்த கூட்டம் முழுவதும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி போன்ற கூரைக்குள் இருக்கும் ரைடுகளுக்குத் திரும்பும். சில நிமிடங்களில் அங்கே வரிசை பெருகிவிடும். வானம் இருட்டத் தொடங்கும்போதே நீங்கள் உள்ளே சென்றுவிட வேண்டும். முதல் துளி விழுந்த பிறகு யோசித்தால் காலம் கடந்துவிடும். காலையில் வெயில் இருக்கும்போது பேட்டில்ஸ்டார் கேலக்டிகாவையும் கேனபி ஃபிளையரையும் முடித்துவிடுவது இதற்காகவும் நல்லது.

இறங்கிய அன்றே செல்ல வேண்டாம். இரவில் கிளம்பினால் அங்கே காலையில் இறங்குவீர்கள். நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வேறுபாடு உண்டு. குடியேற்றச் சோதனை, பெட்டிகள், விடுதி என்று முடித்துக்கொண்டு செந்தோசாவுக்கு வந்து சேரும்போது நண்பகலாகிவிடும். கூட்டம் குறைந்த நாளிலும் வரிசை நீண்டிருக்கும் நேரம் அதுதான். காலையில் வாயில் திறக்கும்போது கிடைக்கும் முதல் இரண்டு மணி நேரத்தை இழந்திருப்பீர்கள், மாமியாரும் உறக்கமில்லாமல் களைத்திருப்பார். முதல் நாள் ஓய்வெடுத்து, மறுநாள் விவோசிட்டி வணிக வளாகத்திலிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறி, வாயில் திறப்பதற்கு அரை மணி நேரம் முன்பே அங்கே நில்லுங்கள். திறக்கும் நேரமும் மூடும் நேரமும் நாளைப் பொறுத்து மாறக்கூடும் என்பதால், தேதியை உறுதி செய்வதற்கு முன் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.